ஊமைக் காது

கடைசியாக நான் ஹூயாவை உயிரோடு பார்த்தபோது அவள் கையில் குறடு இருந்தது.

"மூணாவது காதுக்கு பேட்டரி மாத்தப் போறேன்" என்றாள் என் மனைவி.

"அதைத் தொட்டாலே என் ரயில் நின்னுடுது. இன்னைக்காவது விட்டு வை."

"நீ ரயிலை ஓட்டு. காதை நான் பாத்துக்கறேன்."

எரிமலையின் உச்சி ஏரி உடைந்தால் ஆற்றில் சேறு பாய்ந்து வரும். அதற்காகக் கரையோரம் மூன்று அதிர்வுக் கருவிகளைப் புதைத்திருந்தார்கள். எங்களுக்கு அவை காதுகள். 'வருது', 'வரலை' என்று ஒவ்வொன்றும் வயர் வழியாகச் சிக்னல் பெட்டிக்குச் சொல்லும். மூன்றில் இரண்டு 'வருது' என்றால் பாலத்துக்கு முன் சிவப்பு விழும்.

மாடு நடந்தாலும் கத்துகிறது என்று மூன்றாவதை மந்தமாக்கி வைத்தார் மேலதிகாரி டெரெக். ஹூயா சண்டை போட்டு ஒரு விதி வாங்கினாள். எந்தக் காது ஊமையானாலும் அதை 'வருது' என்றே பெட்டி எண்ண வேண்டும்.

"ஒண்ணு செத்து இன்னொண்ணு தும்மினா ரயில் நின்னுடும். நல்ல விதிம்மா" என்று சிரித்தார் டெரெக்.

"வெள்ளம் அடிச்சிட்டுப் போன காது வாயைத் திறக்குமா டெரெக்?"

அன்று பாலத்துக்கு முன் சிவப்பு விழுந்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டாள் என்று முனகிக்கொண்டே நிறுத்தினேன். பின்னால் அறுபத்து மூன்று பேர்.

"மறுபடியும் மாடா?" என்றார் ஒரு பயணி.

ஐந்தாவது நிமிடம் பாலம் இல்லை. ஹூயாவும் இல்லை.

விசாரணையில் டெரெக் ஒரு வயர்த் துண்டை மேஜையில் வைத்தார்.

"மூணாவது காதோட வயர். சேறு பிய்க்கலை, குறடால வெட்டியிருக்கு. என் மேல இருந்த கோபம். வேற என்ன சொல்றது?"

விசாரணை அதிகாரியம்மா பெட்டியின் பதிவை வாசித்தார்.

"முதல் காது, 10.12க்கு 'வருது'. ரெண்டாவது, சாம்பல் அடைச்சுக் கடைசி வரைக்கும் 'வரலை'. மூணாவது, அதுவும் 'வரலை'தான், 10.14க்கு ஊமை. சிவப்பு விழுந்ததும் 10.14."

டெரெக் அந்தக் காகிதத்தை வாங்கி மறுபடி படித்தார்.

"அந்தப் பள்ளத்துல போன் எடுக்காது" என்றேன். "அவளுக்குப் பேச அந்த வயர் ஒண்ணுதான் இருந்தது."

அவள் கார் மேட்டிலேயே நின்றது. வயர் கீழே, ஆற்றோரம்.

இப்போது பாலம் புதிது, காதுகளும் புதிது. பெட்டிக்குள் அவள் விதி அப்படியே இருக்கிறது.