சைக்கிள்காரர் வீட்டுச் சம்பந்தம்

"இருபத்தொரு கியரா மக்கா? ஒற்றசேகரமங்கலத்திலேருந்து அந்த ஏத்தமெல்லாம் மிதிச்சா வந்தே?"

முற்றத்தில் நின்ற சைக்கிளைத் தாணு சுற்றிச் சுற்றி வந்தார். மகளைப் பெண் பார்க்க வந்த ஈஸ்வரை அவர் இன்னும் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. ஆனாலும் ஐந்தே நிமிடத்தில் 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது, 'தம்பி' போய் 'மக்கா' வந்துவிட்டது.

"ஆமா மாமா. ஒன்றரை மணிக்கூறு ஆச்சு," என்றான் ஈஸ்வர், நெற்றியைத் துடைத்துக்கொண்டே.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். ஈஸ்வர் சொன்னது ஒரே ஒரு பொய்தான். அவன் வந்தது காரில். கொல்லயில் என்ற ஊரின் திருப்பத்தில் காரை ஒதுக்கி, கூட வந்த நண்பன் பிபினின் சைக்கிளை டிக்கியிலிருந்து இறக்கி, கடைசி இருநூறு அடியை மட்டும் மிதித்தான். நெற்றி வேர்வைகூட பிபின் பாட்டிலிலிருந்து தெளித்தது.

வேறென்ன செய்வான், பாவம்! தரகர் கிருஷ்ணன்குட்டி முதலிலேயே சொல்லிவிட்டார்.

"அது சைக்கிள் குடும்பமாக்கும். தாணு அண்ணன் முப்பது வருஷமா ஆபீசுக்குச் சைக்கிள்லதான் போறாரு. ஞாயித்துக்கிழமையானா பெண்டாட்டி, மகளோட ஊர்வலம் உண்டு. இதுக்கு முந்தி மூணு பேரு கார்ல போய் இறங்கினானுவ. மூணு பேருக்கும் காப்பியோட சரி."

ஈஸ்வருக்கோ, ஸ்ரீகலாவின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. கட்டினால் இவளைத்தான் என்று இருந்தான்.

உள்ளே சுவர் முழுக்கப் படங்கள். மூன்று சக்கர வண்டியில் ஸ்ரீகலா, பள்ளிக்கூடப் பந்தயத்தில் ஸ்ரீகலா, கோப்பையோடு ஸ்ரீகலா. ஒரு படத்திலும் சிரிப்பில்லை. சிரிக்கக்கூட நேரமில்லாத வீராங்கனை என்று ஈஸ்வர் மலைத்துப்போனான்.

"ஆறு வயசுல சைடு வீலக் கழத்தினோம். அந்த வாரமே எங்ககூட ஆரியங்கோடு வரை மிதிச்சாளாக்கும்," என்று ஏத்தன் வாழைக்காய் சிப்ஸைத் தட்டில் கொட்டினாள் அவள் அம்மா கல்யாணசுந்தரி.

"அடுத்த ஞாயிறு அம்பூரிக்குப் போறோம். நீயும் வா மக்கா. மலையேத்தம், நல்ல ரசமா இருக்கும்!" என்றார் தாணு.

ஈஸ்வர் கையிலெடுத்த சிப்ஸைத் திரும்பத் தட்டிலேயே வைத்தான்.

"ரெண்டு பேரும் தனியாப் பேசணும்னா சைக்கிள் ஷெட்டுக்குப் போங்க," என்று தாணுவே அனுப்பிவைத்தார். மற்ற வீடுகளில் மாடியைக் காட்டுவார்கள். இங்கே ஷெட்தான் மாடி. அவன் சைக்கிளையும் மரியாதையாக அங்கே கொண்டு நிறுத்தியிருந்தார்.

ஸ்ரீகலா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே போய் அந்தச் சைக்கிள் பக்கத்தில் குந்தினாள்.

"காலத்த நல்ல மழை. உங்க ரோடு முழுக்கச் சேறாக்கும். டயர்ல ஒரு பொட்டு ஒட்டல்லியே?"

"அது... வழியில கழுவினேன்."

"சீட்டு ரொம்பத் தாழ்ந்து கிடக்கு, உங்க பொக்கத்துக்குச் சேராது. இதுல அத்தனை தூரம் மிதிச்சா முட்டு ரெண்டும் கழண்டிருக்கும். நீங்க படியில துள்ளி ஏறினிய."

ஈஸ்வர் சீட்டை ஒரு கையால் மறைத்துக்கொண்டான்.

"சைக்கிளக் கண்டா அப்பாவுக்குக் கண்ணு தெரியாது. எனக்குத் தெரியும். உள்ளதச் சொல்லுங்க, எதுல வந்திய?"

முழுப் பூசணிக்காயை எவ்வளவு நேரந்தான் சோற்றில் மறைப்பது!

"கார்லதான்," என்றான் தலையைக் குனிந்துகொண்டு. "நாலு மிதி மிதிச்சாலே எனக்கு மூச்சு வாங்கும். போட்டோவப் பாத்ததிலேருந்து உங்கள ரொம்பப் பிடிச்சுப்போச்சு. வேற வழி தெரியல்ல. பொய் சொன்னது தப்புதான். மாமாகிட்ட உள்ளதச் சொல்லி மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிருதேன்."

இரண்டடிதான் எடுத்து வைத்திருப்பான். ஸ்ரீகலா பாய்ந்து வந்து வழியை மறித்தாள். அடுக்களை ஜன்னலில் அம்மா நிற்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"கல்யாணம் முடியிறது வரை வாயத் திறக்கப்பிடாது, கேட்டியளா? அடுத்த ஞாயிறு உங்களுக்குக் காய்ச்சல். ஆறு வயசிலேருந்து ஒரு ஞாயித்துக்கிழமைகூட நான் விடியக்காலம் நாலரை மணிக்கு மேல உறங்கினதில்ல... ஆமா, அந்தக் கார்ல ஏசி உண்டா?"