காவல் இருப்பவள்

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜோயல் வீட்டு மேசையில் ஐந்து பேரும் கதை விளையாட்டு ஆடுவார்கள். ஜோயல் கதை சொல்வான். மற்ற நால்வரும் ஆளுக்கொரு வீரர். ரூபிணியின் வீராங்கனை இரண்டு சத்தியம் செய்தவள்: சரணடைந்தவரைக் கொல்ல மாட்டாள், பொய் சொல்ல மாட்டாள். அந்த ஆட்டத்தில் பொய் சொன்னால் எடுபடுமா என்று பகடை உருட்டிப் பார்க்க வேண்டும். உண்மைக்கு அது தேவையில்லை. காட்டில் எதிரிப் படையின் குட்டிப் பூதம் ஒன்று ஈட்டியைப் போட்டுவிட்டுக் கும்பிட்டது. “விட்டா காட்டிக் கொடுத்துடும், முடிச்சிடு ரூபி” என்றார்கள் மூவரும். அவள் மறுத்தாள். அவளையே அதற்குக் காவல் வைத்துவிட்டு மலைக்கோட்டைக்குப் போய்விட்டார்கள். அதற்கப்புறம் வாராவாரம் அவள் முறை வரும்போது, “உன் ஆளு என்ன பண்றா?” என்பான் ஜோயல். “காவல் இருக்கா.” அவ்வளவுதான் அவள் ஆட்டம். சிரிப்பும் பஜ்ஜித் தட்டும் கோட்டைப் பக்கமே சுற்றின. இன்று கோட்டையைப் பிடித்தவர்கள் கப்பலேறி ஊர் திரும்பினார்கள். காட்டை யாரும் நினைக்கவில்லை. மூவரும் எழுந்து போனபின், மேசை ஓரத்தில் அவள் வீராங்கனைக்கும் பூதத்துக்கும் வைத்த இரண்டு பொம்மைகள் மட்டும் நின்றன. ஜோயல் பூதத்தின் கீச்சுக் குரலில் கேட்டான்: “அக்கா, உங்களைத் தேடி யாரும் வரமாட்டாங்களா?”

“வருவாங்க. வந்துக்கிட்டே இருக்காங்க.”

ஜோயல் பகடையை அவள் பக்கம் நகர்த்தினான்.