கை தட்டாத ஜப்பான்காரம்மா

அந்தம்மா கையே தட்டல.

ஹால்ல இருந்த அத்தனை பேரும் தட்டறோம். கடைசி பெஞ்சுல தூங்கிட்டிருந்த பசங்க கூட முழிச்சிக்கிட்டுத் தட்டறானுங்க. முதல் வரிசையில என் பக்கத்துல உக்காந்திருந்த ஜப்பான்காரம்மா மட்டும் மடியில கையை வெச்சிக்கிட்டு தரையையே பாத்துட்டிருக்காங்க. எனக்கு வந்துது பாருங்க கோவம்.

எழுபத்தெட்டாம் வருஷம் அது. திருவண்ணாமலையில, காலேஜ் ஆபீஸ்ல நான் டைப்பிஸ்ட். ஹிஸ்டரியில அருணகிரின்னு ஒரு சார் இருந்தாரு. டெம்பரவரிதான். ஆனா சீனா, ஜப்பான், கொரியான்னா அவருக்கு உசுரு. யுனிவர்சிட்டிக்கு எழுதி எழுதி, 'கிழக்காசிய வரலாறும் சமுதாயமும்'னு நாலு வாரச் சொற்பொழிவுக்கு அனுமதி வாங்கிட்டாரு. முதல் மூணு வாரமும் எட்டு பேருக்கு மேல வரல. அந்த எட்டுல நானும் ஒருத்தி, நோட்டீஸ் டைப் அடிச்ச பாவத்துக்கு.

உண்மையச் சொல்றேன், மூணாவது வாரத்துல எனக்கே ருசி பிடிச்சிடுச்சு. ஆபீசும் வீடும் தவிர ஒண்ணும் தெரியாதவளுக்கு, சாக்பீஸ்ல அவரு போட்ட மேப்புல கடல் தெரிஞ்சுது. இன்னிக்கும் அந்த ஹாலை நெனச்சா மனசு ஏங்குது.

நாலாவது வாரம் ஜப்பான். அதைப் பாக்க யுனிவர்சிட்டியில இருந்து புரொபசர் சக்கரவர்த்தி வராருன்னு லெட்டர் வந்துது. அவரு நல்லபடியா எழுதினா அருணகிரி சார் வேலை நிரந்தரம். இல்லன்னா அந்த மாசத்தோட சீட்டு கிழிஞ்சுது.

நான்தான் அந்த யோசனை சொன்னேன். எங்க தெருவுல, காசியம்மாள் வீட்டு மாடி ரூமுல ஒரு ஜப்பான்காரம்மா இருந்தாங்க. வயசு நாப்பத்தஞ்சு இருக்கும். ஆசிரமத்துக்குப் போவாங்க, வருவாங்க, யாருகிட்டயும் ஒரு வார்த்தை கிடையாது. ஒரு மண்டலம் மௌன விரதம். ரூம் கேட்டதே இங்கிலீஷ்ல ஒரு சீட்டு எழுதிக் காட்டித்தான். ஜப்பான்னு எப்படித் தெரியும்னு கேட்டா, "கண்ணைப் பாத்தாலே தெரியல?"ன்னா காசியம்மாள். தெருவே ஒத்துக்குச்சு.

நேரா ஜப்பான்லருந்தே ஒரு ஆளைக் கொண்டாந்து உக்கார வெச்சா புரொபசர் அசந்துட மாட்டாரா? நானும் இங்கிலீஷ்ல ஒரு சீட்டு டைப் அடிச்சு மாடிக்கு எடுத்துட்டுப் போனேன். அந்தம்மா ரொம்ப நேரம் அதையே பாத்தாங்க. அப்புறம் வேணாம்னு கையை அசைச்சிட்டாங்க.

எனக்கு அழுகையே வந்துடுச்சு. வாசப்படியிலயே நின்னு காசியம்மாள்கிட்ட கொட்டினேன். "ஒரு மணி நேரம் வந்து உக்காந்தா இவங்களுக்கு என்னாக்கா கொறஞ்சிடும்? அந்த மனுசனுக்கு வேலை போச்சுன்னா, ஏழு மாசம் புள்ளைத்தாச்சியை இட்டுனு எங்க போவாரு?"

மறுநாள் பாத்தா, குடையைப் பிடிச்சிக்கிட்டு காலேஜ் கேட்டாண்ட நிக்கறாங்க.

ஜப்பான்காரம்மா வந்திருக்காங்கன்னு சேதி பரவி ஹாலே நெறஞ்சுடுச்சு. அவங்களுக்கும் புரியட்டும்னு இங்கிலீஷ்ல பேச ஆரம்பிச்ச அருணகிரி சார் எங்கயோ போயிட்டாரு. ஜப்பான்காரங்க உழைப்பு, சுத்தம், பூ அடுக்கற அழகு, விருந்தாளி வந்தா குனிஞ்சு வணங்கற மரியாதை. கடைசியா, "பணிவுல அவங்களை மிஞ்ச உலகத்துலயே ஆள் கிடையாது"ன்னு முடிச்சாரு. அதுக்குத்தான் அத்தனை கைதட்டல்.

நான் வேடிக்கை பாக்கக் கூட வந்திருந்த காசியம்மாள் பக்கம் திரும்பி, "சொந்த ஊரை இவ்ளோ புகழறாரு, கை தட்ட மனசு வருதா பாருக்கா. நெஞ்சழுத்தம் ஜாஸ்தி"ன்னேன். மெதுவாக்கூடச் சொல்லல.

அப்ப எழுந்தாரு புரொபசர் சக்கரவர்த்தி. புஸ்தகத்துல இருக்கறதை யாரு வேணா படிச்சு ஒப்பிக்கலாம், அந்த நாட்டு அம்மாவே வந்திருக்காங்களே, அவங்க சொல்லட்டும்னாரு. உங்க ஜனங்களைப் பத்தி இவர் சொன்னது சரிதானான்னு இங்கிலீஷ்ல அவங்களையே கேட்டுட்டாரு.

சார் முகத்துல ரத்தமே இல்ல. அந்தம்மா எழுந்து அருணகிரி சாரைப் பாத்தாங்க. அப்புறம் புரொபசரைப் பாத்துக் கும்பிட்டு, சரின்னு தலையை ஆட்டினாங்க. ஒரு தடவ இல்ல, ரெண்டு தடவ.

அடுத்த மாசமே ஆர்டர் வந்துடுச்சு. டைப் அடிச்ச கவரை நானே கொண்டு போயி சார் கையில குடுத்தேன். சந்தோஷத்துல அவரு தட்டு நெறைய பழம் வாங்கி, ஜப்பான் அம்மாவுக்குக் குடுத்துட்டு வரச் சொன்னாரு. அன்னிக்குத்தான் அவங்க விரதமும் முடிஞ்சிருந்துது.

தட்டை வெச்சிட்டு, சார் குடுத்தாருன்னு நான் ஜாடையில காட்டிட்டு இருந்தேன்.

"உக்காரு சரோஜா"ன்னாங்க.

தமிழ். கொஞ்சம் இழுவையா, ஆனா நல்ல தமிழ்.

நான் ஆடிப்போயிட்டேன். அவங்க சிரிச்சிக்கிட்டே, மலேயாவுல, பினாங்குல பொறந்த சீனக் குடும்பம் அவங்களோடதுன்னும், அவங்கப்பா கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு தமிழ் ஆளுங்கன்னும், சின்னதுல இருந்தே பழகின பேச்சுன்னும் சொன்னாங்க. அப்ப நான் வாசப்படியில புலம்பினது, ஹால்ல திட்டினது, எல்லாமே காதுல விழுந்திருக்கு. எனக்கு மூஞ்சிய எங்க வெச்சிக்கறதுன்னே தெரியல.

"அப்ப ஜப்பான்காரங்களைத் தெரியாமயேவாம்மா தலையாட்டினீங்க?"

ஒரு கமலாப்பழத்தை உரிச்சு, பாதியை என் கையில வெச்சாங்க.

"தெரியும்மா. நாப்பத்திரண்டுல, யுத்த சமயம், எனக்கு ஒன்பது வயசு. எங்கப்பாவைக் கடையிலிருந்து லாரியில ஏத்திட்டுப் போனது அவங்கதான். அப்பா திரும்பி வரவே இல்ல."