ஒரே உயரம்

கடைக் கண்ணாடி வழியே நுழையும் மதிய வெயில் புது சைக்கிள்களின் கம்பிகளில் வழுக்கி ஓடுகிறது. இருவருக்குமாக ஒரே சைக்கிள் வாங்க வந்திருக்கிறார்கள் அண்ணியும் நாத்தனாரும். இருவரும் ஒரே உயரம் என்பதால் ஒருத்தி அளவு பார்த்தாலே போதும் என்று நாத்தனார் ஒரு சைக்கிளின் இருபுறமும் காலை அகட்டி நிற்கிறாள். குறுக்குக் கம்பிக்கு மேல் தாராளமாக இடம் இருக்கிறது. ஆசைக்கு அண்ணியும் நின்று பார்க்க, அவள் குதிகால்கள் தரையை விட்டு எழும்புகின்றன. “நிமிந்து நில்லுங்க அண்ணி.” “நிமிந்துதாண்டி நிக்கிறேன், கம்பி இடிக்குது!” டயருக்குக் காற்றடிக்கும் கடைக்காரர் பம்பை விட்டுவிட்டு இருவரையும் பெஞ்சில் உட்காரச் சொல்கிறார். உட்கார்ந்ததும் அண்ணியின் தலை அரைச் சாண் மேலே நிற்கிறது. நாத்தனாரின் முட்டி முன்னால் நீண்டிருக்கிறது. “உயரம் ஒண்ணுதாங்க. உங்களுக்கு உடம்புல, இவங்களுக்குக் கால்ல. சின்ன ஃபிரேம் போதும், இவங்க சீட்டை ஏத்திக்கட்டும்,” என்று அண்ணியிடம் சொன்னபடி உள்ளே போகிறார். நாத்தனார் தன் முட்டியையும் அண்ணியின் முட்டியையும் மாறி மாறிப் பார்க்கிறாள். “அப்போ உங்க பேன்ட் எனக்குக் குட்டையா இருந்தது, துவைச்சுச் சுருங்கினதால இல்லையா?” அண்ணி கல்யாணமாகி வந்ததிலிருந்து முதல் முறையாக நாத்தனாரைக் குனிந்து பார்க்கிறாள். “இனிமே சண்டைன்னா உட்கார்ந்தே போடுவோம்டி.”