கணுக்கால்

ஓய்வுபெற்ற கபடி வீரர்களில் அடுத்து யார் படத்தைச் சங்கச் சுவரில் மாட்டுவது என்று கமிட்டியில் பேசிக்கொண்டிருந்தோம். என் படம் அங்கே பல வருஷமாகத் தொங்குகிறது. ஜெயக்கொடியின் ஆட்டத்தை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் என் அணிக்கு எதிராக ஆடிய ஒரு இறுதிப்போட்டியில் கடைசியாகக் கபடி பாடி வந்தவன், என் கணுக்காலைத் தொட்டுவிட்டதாகச் சொல்லி, இல்லையென்ற நடுவரின் சட்டையைப் பிடித்துவிட்டான். இரண்டு வருஷம் ஆடக்கூடாது என்று தடை போட்டார்கள்.

"ஒழுக்கமில்லாதவன் படத்த எப்படி மாட்டுறது?" என்றார் பொருளாளர்.

தொடப்பட்டவன் தானே கையைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவதுதான் எங்கள் ஆட்டத்தில் மரியாதை. அன்று நான் தூக்கவில்லை. இன்றும் டீயைத்தான் குடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஆளையே வரச்சொன்னார்கள். இடது காலைச் சற்று இழுத்தபடி வந்து நின்றான்.

"ஒரு மன்னிப்பு கேட்டுரு ஜெயக்கொடி, நாளைக்கே மாட்டிருவோம்," என்றார் செயலாளர்.

அவன் சுவரில் இருந்த என் படத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"தப்பு எம்மேலதான். அண்ணாச்சி காலுல என் விரல் படல."

எல்லோரும் கைதட்டினார்கள். நான் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.