எத்தனை லேபில் பார்த்தாலும்

மூன்றாவது முறையும் அதே முடிவுதான் வந்திருந்தது.

மங்கையின் ரத்தத்தில், சொந்த உடம்பையே எதிர்க்கும் ஆன்டிபாடி இருந்தது. கொஞ்சம்தான்.

“இது நோய் இல்லைம்மா,” என்றார் டாக்டர். இதையும் மூன்றாவது முறையாகத்தான் சொன்னார். “நல்லா இருக்கிறவங்கள்லயே நிறைய பேருக்கு இருக்கும். ஆம்பளைங்களைவிடப் பொம்பளைங்களுக்கு அதிகம். வயசாக வயசாகக் கூடும். மத்ததெல்லாம் பார்த்தாச்சு. தாராளமா நீங்க தம்பிக்குக் கிட்னி குடுக்கலாம்.”

தம்பி கதிரேசன் போன தீபாவளியிலிருந்து டயாலிசிஸில் இருந்தான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் விடவில்லை.

“அது எப்படி டாக்டர், ஒண்ணுமே இல்லாம வரும்?”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

முதல் முடிவு வந்த நாளிலிருந்து இதே பாட்டு. அன்றைக்கே கணவர் ஃபோனில் தேடிப் படித்தார். நாத்தனாரிடம் சொன்னார். மாடிவீட்டுக்காரரிடம் சொன்னார். இஸ்திரி போடுகிறவரிடமும் சொன்னார். அடுத்த இரண்டு சோதனைகளும் அவர் பிடிவாதத்தில் எடுத்தவை.

பார்க்கிறவர்களெல்லாம் அவள் முகம் வீங்கியிருப்பதாகச் சொன்னார்கள். காய்கறிப் பையைக் கையிலிருந்து பிடுங்கினார்கள். காய்ச்சலோடு அவள் சமைத்த நாட்களில் இவர்களெல்லாம் எங்கே இருந்தார்கள் என்று தெரியவில்லை.

கடைசியில் தம்பியே அழைத்தான். “எனக்கு வேணாம்க்கா. நீ உன் உடம்பைப் பாரு.”

அதைச் சொல்வதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது.

டாக்டரிடமிருந்து எழுந்து வந்ததும், அடுத்த அறையில் ஒப்புதல் படிவத்தை நீட்டினார்கள். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அதற்குக் கீழே கணவருக்கும் ஓர் இடம் இருந்தது.

அவர் பேனா மூடியைத் திறந்தார்.

மூடினார்.

“இன்னொரு லேப்ல ஒரு தடவை பார்த்துடலாமே, மங்கை.”

“எத்தனை லேப்ல பார்த்தாலும் நான் பொம்பளைதாங்க. வயசும் நாப்பத்தொன்பதுதான். அது ரெண்டும் மாறாது.”

அவர் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, தலையைத் தூக்காமலே சொன்னார்.

“உள்ள போய் நீ திரும்பி வரலைன்னா, நான் என்ன பண்ணுவேன்?”

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

எரிச்சல் மட்டும் போகவில்லை.

“இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல. சும்மா சும்மா ஊசி குத்திக்கிட்டேன்.”

அவர் கையெழுத்துப் போட்டார்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அதை பான் கார்டோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். “கார்டுல இருக்கிற மாதிரி இல்லையே சார். வேற படிவம் தரேன், திரும்பப் போடுங்க.”

மங்கை உஸ்ஸென்று மூச்சுவிட்டாள். தன் கையெழுத்தை மறுபடியும் போட்டாள்.

நாற்காலியை இழுத்து அவரை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது. இரண்டு உள்ளங்கைகளாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“நிதானமாப் போடுங்க,” என்றாள்.