ஆட்டுமணி

கெண்டைக்கால் இரண்டும் கல்லாய் இறுகிக் கிடந்தன.

எட்டு மணி நேரம் நடந்த கால்கள். பஞ்சாலையில் இயந்திர வரிசைகளுக்கு நடுவே, அறுந்த இழையைத் தேடித் தேடி ஒட்டுகிற நடை. எங்கேயும் போய்ச் சேராத நடை.

உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தெரியும். நின்றபடியே அடுப்பைப் பற்றவைத்தாள். உலை வைத்தாள். அரிசி களைந்தாள். முதுகுக்குப் பின்னால், நாலே எட்டில், வாசல் கதவு.

திரும்பினாள்.

கதவடியில் ஈரம்.

ஈரத்துக்குப் பக்கத்தில் நாய்க்குட்டி. வாலைக் கால் இடுக்கில் சொருகிக்கொண்டு அவளையே பார்த்தது.

அதன் தலைக்கு நேராக மணி தொங்கியது. ஆட்டுமணி. தாழ்ப்பாளில் சணல் கட்டி, குட்டியின் மூக்கு எட்டுகிற உயரத்தில் அவள்தான் தொங்கவிட்டிருந்தாள். வெளியே போக வேண்டுமென்றால் அதைத் தட்ட வேண்டும். பாடம் அவ்வளவுதான்.

பத்து நாள் பழக்கினாள். முன்னங்காலைப் பிடித்து மணியில் தட்டுவாள். கதவைத் திறப்பாள். வேலியோரம் கூட்டிப்போய் ஒண்ணுக்கு இருக்கவிட்டு, கேன்டீன் பன்னில் ஒரு விள்ளல் கொடுப்பாள்.

இனித் தானாகத் தட்டும் என்று விட்டு மூன்று நாளாகிறது. மூன்று நாளும் ஈரம்தான்.

வீட்டுக்காரம்மா போன ஞாயிற்றுக்கிழமையே மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்லியிருந்தாள்.

"இன்னொருக்கா நாத்தம் வந்துச்சு, நாயத் தூக்கி மந்தையில விட்டுட்டு வா. இல்லாட்டி நாயோட சேந்து நீயும் கெளம்பு."

நேற்றும் முந்தாநாளும் அந்தம்மா மாடியிலிருந்து இறங்குவதற்குள் பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டாள். தினமும் அப்படித் தப்ப முடியாது.

மந்தைவெளியில் விட்டால் தெருநாய்கள் ஒரு பொழுது வைத்திருக்காது. கழிவுப் பஞ்சு குடோனில் கண் திறக்காமல் கிடந்ததைச் சோற்றுக் கூடையில் வைத்து, காவல்காரன் கண்ணில் படாமல் கொண்டுவந்தவள் அவள். இன்றைக்கும் அது ஒரு செருப்பு நீளம்தான்.

செருப்பை எடுத்தாள்.

ஓர் அடி.

குட்டி வீறிட்டுக் கட்டிலுக்கு அடியில் ஓடியது.

"எத்தன நாளுதான் சொல்லிக்குடுக்குறது ஒனக்கு! மணிய அடிச்சாக் கொறஞ்சா போயிருவ?"

அவள் பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். மில்லில் பேசிப் பழகிய தொண்டை.

பக்கத்து வாசலில் பவுனுத்தாய் உட்கார்ந்து, கூலிக்குச் சின்ன வெங்காயம் வால் அறுத்துக்கொண்டிருந்தாள். பகலெல்லாம் குட்டி அவள் பார்வையில்தான் கட்டிக் கிடக்கும். கத்தியைப் போட்டுவிட்டு எழுந்து வந்தாள். கண்ணெல்லாம் வெங்காயத் தண்ணீர்.

"எதுக்குக்கா அதப் போட்டு அடிக்கிற?"

"மணிய அடிக்க மாட்டேங்குதுல்ல."

பவுனுத்தாய் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"என்னக்கா, வெளாடுறியா? கிணுகிணுன்னு இம்புட்டு நேரம் அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு. நேத்தும் அடிச்சுச்சு. முந்தாநாளும் அடிச்சுச்சு. மில்லுக்காரிக்குத் திடீர்னு பக்தி வந்துருச்சாக்கும், பூசை பண்றான்னுல்ல நெனச்சேன்."

சிரிக்கத்தான் சொன்னாள்.

அவள் சிரிக்கவில்லை.

"எங்க, நீ மணிய அடி."

போய் அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டாள். உலை கொதித்தது. மூடி துடிப்பது தெரிந்தது.

காத்திருந்தாள்.

"அடிச்சியா?"

"அடிச்சுக்கிட்டுத்தானக்கா இருக்கேன்."

குரல் நன்றாகவே கேட்டது. மனிதக் குரல்கள் இன்னும் கேட்கத்தான் செய்தன.

திரும்பிப் பார்த்தாள். பவுனுத்தாயின் கையில் மணி துள்ளிக்கொண்டிருந்தது. அதன் நாக்கு இரண்டு பக்கமும் மோதுவது தெரிந்தது.

கிட்டே வந்தாள். இன்னும் கிட்டே. குனிந்து காதை ஒட்டவைத்த பிறகுதான் கேட்டது, எங்கோ ஓர் ஆடு கரட்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்குவது போல.

வாங்கி வந்த அன்று இப்படித்தான் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். நல்ல மணி என்று நினைத்தாள்.

பதினெட்டு வருஷம் இரைச்சலுக்குள் நின்ற காது. எப்போது போனது என்று அதுவும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

பவுனுத்தாய் மணியை மெல்ல விட்டுவிட்டு வெங்காயத்துக்கே போய்விட்டாள்.

அவள் சணலை அவிழ்த்தாள்.

மணி இனி உதவாது. குட்டி வந்து அவள் காலைச் சுரண்ட வேண்டும். மறுபடி முதலிலிருந்து பழக்க வேண்டும். அந்தம்மா இறங்கி வருவதற்குள் பழக்க வேண்டும்.

அதற்கு முதலில் அது கிட்டே வர வேண்டும்.

தரையில் உட்கார்ந்து பன்னைப் பிட்டு நீட்டினாள். கட்டிலுக்கு அடியில் இருட்டில் இரண்டு கண்கள். அவள் கை அசைந்ததும் கண்கள் இன்னும் பின்னால் போயின.

உலை பொங்கி வழிந்தது. அவள் எழவில்லை. நீட்டிய கையை மடக்கவும் இல்லை.

முந்தாநாள் ஒன்று. நேற்று இரண்டு. இன்றைக்கு ஒன்று.

நாலு அடி. அந்தக் குட்டியிடம் அவள் பட்டிருக்கிற கடன்.